ஒன்பது சொற்களுக்குப் பதில் எழுபத்து நான்கு

பழைய ஞாயிறு மலர்க் கதைகளைத் தொகுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஏழு பேருக்கும் இதை எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஈப்போ அலுவலகத்தில் என்னை இருபது நிமிடம் பேசச் சொன்னீர்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் குளிர்சாதனக் காற்று என் தொண்டையை அடைத்துவிட்டது. குறைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் யாரோ தலையாட்டினீர்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. பாக்கி எட்டு நிமிடத்தை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். எழுத்தில் சொன்னால் யாரும் கைப்பேசியைப் பார்க்கிறார்களா என்று நான் கவலைப்பட வேண்டியதில்லை.

உங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள். நான் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் அந்த ஞாயிறு மலரை நடத்திய பத்திரிகையில் நாங்கள் ஒன்பது பேர். ஒருவர்கூடப் பெண் இல்லை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

கூட்டம் முடிந்ததும் தொகுப்பின் பொறுப்பாசிரியர் கவிதா என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். தொகுப்பில் வரும் அறுபது கதைகளிலிருந்து நீக்க வேண்டிய சொற்களின் பட்டியல். பதினைந்து சொற்கள் என்று தலைப்பில் இருந்தது. ஒன்று இரண்டு முறை வந்திருந்ததால் உண்மையில் பதினான்குதான். கணவன் வீட்டை விட்டு வந்தவளைச் சொல்லும் ‘வாழாவெட்டி’, பிள்ளை இல்லாதவளைச் சொல்லும் ‘மலடி’, தோட்டத்து மக்களைச் சொல்லும் ‘கூலி’, நிறத்தைச் சொல்வன இரண்டு, சாதியைச் சொல்வன மூன்று, இப்படி. நான் பார்த்துச் சரி என்றால் கணினியில் ஒரே தட்டில் அறுபது கதைகளிலும் மாறிவிடுமாம்.

“ஒரே தட்டுலயா?” என்று கேட்டேன்.

“ஆமாம் ஐயா. அஞ்சு நிமிசம்கூட ஆகாது.”

“யாரைக் கேட்டீங்க?”

“இதுல கேக்குறதுக்கு என்ன இருக்குலா ஐயா? என் மக எட்டாவது படிக்கிறா. நாளைக்கு இந்தப் புத்தகத்த அவ எடுத்துப் படிப்பா. வாழாவெட்டின்னா என்னம்மான்னு கேட்டா நான் என்ன சொல்றது? அப்படிப்பட்ட சமுதாயமாவா இன்னும் இருக்கோம்?”

கவிதா சொன்னது தப்பு என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதினெட்டு படி இறங்கி வந்துவிட்டேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இதற்குப் பதில் சொல்லும் விதமாக, முன்பு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். என் முப்பத்து நான்கு வருட வேலையில் நான் செய்த தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. பெரும்பாலும் படத்துக்குக் கீழே வேறொருவர் பெயர் போட்டது, தேதி மாறியது போன்றவை. இது நாற்பத்தோராவது.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஞாயிறு மலரில் வாரம் ஒரு கதை. சுங்காயிலிருந்து, ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து, பேராக் மாநிலம் முழுவதிலிருந்தும் கதைகள் தபாலில் வரும். பள்ளி நோட்டுத் தாளில், பக்கத்துக்குப் பக்கம் பேனா மாறி. அவற்றைப் படித்து, தேர்ந்தெடுத்து, திருத்துவது என் வேலை. எங்கள் தலைமை ஆசிரியர் எனக்கு முதல் நாளே ஒரு விதி சொன்னார். “தம்பி, நம்ம மலரைக் குடும்பமே உக்காந்து படிக்குது. கதை எங்க வேணும்னாலும் போகட்டும். கடைசியில வீடு வந்து சேரணும்.”

நல்ல மனிதர். வேலை தெரிந்தவர். ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தால் எந்த வரியில் வாசகன் கொட்டாவி விடுவான் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னதை நான் விதி என்றுகூட நினைக்கவில்லை. கதை என்றால் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் சுங்கை சிப்புட்டிலிருந்து அமிர்தம் என்ற பெண் எழுதிய கதை வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். ஆறு பக்கம். கதையில் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி. தினமும் விடிவதற்கு முன் கணவனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தூக்கு சாயங்காலம் காய்ந்த பருக்கையோடும் குழம்புக் கறையோடும்தான் திரும்பி வரும். ஒரு நாள் அது கழுவித் துடைத்து வருகிறது. மறுநாளும். ஆறு மாதம் அப்படியே வருகிறது. அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். தன் வீட்டில் இல்லாத சோப்பின் வாசனை. மாமியாரிடம் ஒரு நாள் சொல்கிறாள். “வாழாவெட்டின்னு பேர் வாங்கணுமா உனக்கு?” என்கிறாள் மாமியார். கதை முடிகிறது. கடைசி வரிகள் இவை:

‘பஸ் ஏறினாள். டிக்கெட் எடுத்தாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தது. உட்கார்ந்தாள்.’

ஒன்பது சொற்கள். அவற்றை மட்டும் மூன்று முறை படித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல முடிவு என்று தெரியாமல் நான் அதை வெட்டவில்லை. தெரிந்துதான் வெட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஒன்பது சொற்களையும் அடித்துவிட்டு என் கையால் ஒரு பத்தி எழுதினேன். எழுபத்து நான்கு சொற்கள். முழுவதையும் இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதல் வரியும் கடைசி வரியும் போதும். ‘பஸ் வந்து நின்றது, ஆனால் அவள் கால்கள் நகரவில்லை’ என்று ஆரம்பிக்கும். நடுவில் கோயில் மணி அடிக்கும், அவள் தாலியைத் தொட்டுப் பார்ப்பாள். ‘அவள் அந்தத் தூக்கில் சோற்றைப் போட்டு மூடியபோது, இருண்டிருந்த வீட்டில் விளக்கு எரிந்தது’ என்று முடியும்.

அமிர்தத்தைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கதை அச்சில் வருவதே எழுதியவருக்குச் செய்கிற உதவி என்று நினைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கதை வந்தது. புதன்கிழமைக்குள் பதினாறு கடிதங்கள். பதினைந்து பேர் முடிவைப் புகழ்ந்திருந்தார்கள். பதினாறாவது கடிதத்தில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. ‘அவள் பஸ்ஸில் ஏறியிருக்கலாம்’ என்று ஒரே வரி. தலைமை ஆசிரியர் பதினைந்தையும் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். பதினாறாவதை நான் மேசை இழுப்பறையில் போட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். படியேறி ஒரு பெண் வந்தார். கையில் நான்காக மடித்த மலர்ப் பக்கம்.

“இங்க ஞாயிறு மலர் பாக்குறது யாரு அண்ணே?”

“நான்தான். உக்காருங்க.”

உட்காரவில்லை. தாளை என் மேசையில் விரித்துக் கடைசிப் பத்தியின் மேல் விரலை வைத்தார். பால்கறை ஏறிக் கறுத்திருந்த விரல்.

“இதை யாரு எழுதுனது?”

வந்திருப்பவர்தான் அமிர்தம் என்று அப்போதுதான் புரிந்தது. அலுவலகத்தில் இருந்த மற்றவர்களின் பேனாவும் நின்றுவிட்டது. நான் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன்: பத்திரிகைக்கு ஏற்றபடி சில மாற்றங்கள் செய்வது வழக்கம்.

“வழக்கமா?” என்றார். “சரி. உங்க வழக்கம் எனக்கு என்ன செஞ்சிருக்குன்னு கேளுங்க அண்ணே.”

கேட்டேன். அது வேறு யாருடைய கதையும் அல்ல, அவருடையதுதான். கணவர் சுங்காய்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவர். தூக்கு கழுவி வந்தது உண்மை. ஆனால் கதையை எழுதி அனுப்பியபோது அமிர்தம் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கவில்லை.

“சும்மா எழுதிப் பாத்தேன். எழுதி முடிச்ச பிறகுதான், அட, இப்படி ஏறி உக்காந்துடலாம் போலிருக்கேன்னு தோணுச்சு. மூணு வாரத்துக்கு முந்தி ஏறிட்டேன்.”

ஈப்போவில் புந்தோங் பக்கம் அக்கா வீட்டில் தங்கி, ஒரு பேக்டரியில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கிளம்பிய அன்று நாலு வயது மகள், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் இருந்தாள். இடம் பார்த்துவிட்டு மறுநாள் கூட்டிவரப் போனால், கணவர் வீட்டார் பிள்ளையைத் தர மறுத்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள்.

“என் வீட்டுக்காரரோட அண்ணன் இந்தப் பக்கத்த லயத்துல வீடு வீடா காட்டிட்டு வராரு. அவளே எழுதியிருக்கா பாருங்க, திரும்பி வரதுதான் நியாயம்னு அவளுக்கே தெரியுது, வீட்டுக்கு வரட்டும், பிள்ளைய அப்புறம் பாத்துக்கலாம்னு. என் பேரு போட்டிருக்கே அண்ணே! நான் எழுதலன்னு சொன்னா யாரு நம்புவா?”

நான் பத்திரிகையின் தலைப்பிட்ட தாளில் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கே பெருந்தன்மையாகத் தோன்றியது.

“கடுதாசியா?” அவர் சிரித்துவிட்டார். “யாரோ எழுதிக் குடுத்ததுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அச்சுல வந்ததுக்கு அச்சுலதான் பதில் வரணும். முடியுமா, முடியாதா?”

மலர் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகும். எனக்கு இருபத்தைந்து மணி நேரம் இருந்தது. “நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க” என்றேன். முடியும் என்று சொல்லவில்லை. தைரியம் இல்லை.

தலைமை ஆசிரியரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றினால் பேச்சு நீளும்.

“பத்திரிகை தப்பு பண்ணிடுச்சுன்னு பத்திரிகையே போடுறதா?”

“பிள்ளை விஷயம் ஐயா.”

“அதுக்குப் பெரியவங்க இருக்காங்க, பேசுவாங்க. தம்பி, பொண்டாட்டி வீட்ட விட்டுப் போறதுக்கு நம்ம மலர் டிக்கெட் எடுத்துக் குடுக்குமா? நாளைக்கு நாலு வீட்டுல இதையே காட்டுவாங்க. நம்ம சனங்க விரும்புற முடிவத்தான் நாம போடுறோம். பதினஞ்சு கடுதாசி வந்திருக்கு, பாக்கலையா நீ?”

வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். நம்ம சனங்க விரும்புற முடிவு. அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இலக்கியம் சமுதாயத்தின் கண்ணாடி என்று அந்த வருடம் மட்டும் ஏழு மேடைகளில் கேட்டிருந்தேன். இரண்டு மேடைகளில் நானே சொல்லியிருந்தேன். சமுதாயம் எப்படி இருக்கிறதோ அப்படித்தானே கதை இருக்கும்? பெண்கள் திரும்பி வருகிறார்கள், அதனால் கதையிலும் திரும்பி வருகிறார்கள்.

எனக்கு மனம் சரியில்லாவிட்டால் எதையாவது எண்ண வேண்டும். சுவரோரமாக இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தேன். அச்சான கதைகளின் கையெழுத்துப் பிரதிகள் இரண்டு வருடத்துக்கு அங்கே இருக்கும். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பெண்கள் எழுதியவை நாற்பத்தொன்று. அவற்றில் மனைவி வீட்டை விட்டுக் கிளம்புகிற கதைகள் பத்தொன்பது. அச்சில் அந்தப் பத்தொன்பது பேரும் திரும்பி வந்திருந்தார்கள்.

பிறகு பிரதிகளின் கடைசிப் பக்கங்களை மட்டும் வரிசையாகத் தரையில் பரப்பினேன். எழுதிய பெண்களின் நீல மையில் திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். மற்றப் பதினேழு பேரும் சிவப்பு மையில் திரும்பி வந்திருந்தார்கள்.

பதினேழு கடைசிப் பக்கங்களையும் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த அறைக்குள் போனேன். அவற்றை அவர் மேசையில் வைத்தேன்.

“என்ன இது?”

“கண்ணாடி கண்ணாடின்னு சொல்றோமே ஐயா. ரசம் பூசுனது நாமதான். பதினேழு பேரை நாமதான் வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கோம். பதினொண்ணு என் கையெழுத்து. ஆறு உங்களது.”

“ஆறா? இருக்காது. நாலோ அஞ்சோ இருக்கும்.”

“ஆறு ஐயா.”

“கொண்டா இங்க.”

அவர் எண்ணினார். ஐந்து என்றார். நான் எண்ணினேன். ஆறு. ஒரு பக்கத்தை எடுத்து, “இது என் எழுத்து இல்ல” என்றார். அதில் அவர் ‘ழ’ போடும் விதத்தை, அந்தக் கீழ்ச்சுழியைக் காட்டினேன். நீண்ட நேரம் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேலே நீல மையில் ஒரு பெண் தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சுழிக்குக் கீழே அந்தத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இவங்க யாராவது கேட்டாங்களா, ஏன் மாத்துனீங்கன்னு?”

“யாரும் கேக்கல. பன்னெண்டு பேரு அதுக்கப்புறம் கதையே அனுப்பல.”

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “உன் பேர்ல போட்டுக்கோ. திங்கக்கிழமை கடுதாசி வந்து குவியும். பதிலும் நீயே எழுது. என்னக் கூப்பிடாத.”

அதற்கு மேல் எதையும் அவர் தரவில்லை. அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறாம் பக்கத்திலிருந்த ஒரு துணுக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் அறிவிப்பை வைத்தேன். ‘சென்ற வாரக் கதையின் கடைசிப் பத்தி அதை எழுதியவருடையது அன்று. அதிலுள்ள எழுபத்து நான்கு சொற்களும் என்னுடையவை. அவரைக் கேட்காமல் எழுதினேன். அவர் எழுதிய முடிவு இது.’ இருபது சொற்கள். கீழே அமிர்தத்தின் ஒன்பது சொற்கள். அதற்கும் கீழே என் பெயர். பதினொரு மணிக்கு அமிர்தம் வந்து அச்சுப்படியைப் படித்தார். நன்றி சொல்லவில்லை. “டிக்கெட்டுக்கு மேல புள்ளி சரியா இருக்கு” என்றார். பிழை பார்க்கத் தெரிந்த பெண்.

ஞாயிற்றுக்கிழமை நானே பத்துப் பிரதிகளை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்றால், அங்கே பத்திரிகை போடுகிறவர் மழை பெய்தால் வரமாட்டார், அன்று தூறிக்கொண்டிருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கோயில் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பாயில். அமிர்தம் ஒரு தூணோரம் நின்றிருந்தார். கணவரின் அண்ணன் போன வாரக் கதையை நல்ல கணீர்க் குரலில் படித்துக்கொண்டிருந்தார். என் எழுபத்து நான்கு சொற்களையும் அந்தக் குரலில் கேட்டேன். வாழ்க்கையில் என் எழுத்தை யாரும் அவ்வளவு நன்றாகப் படித்ததில்லை. வெளியே மழையில் போய் நின்றுவிடலாம் போலிருந்தது.

அவர் முடித்ததும் நான் முன்னால் போய்ப் புதிய பக்கத்தைத் தலைவரிடம் நீட்டினேன்.

“நீங்க யாரு சார்?”

“இப்ப கடைசியா படிச்சாரே, அந்தப் பத்திய எழுதுனவன்.”

பாயில் யாரோ சிரித்தார்கள். தலைவர் ஆறாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். இருபது சொற்கள், பிறகு ஒன்பது. கணவரின் அண்ணன் எழுந்தார்.

“இவளுக்காக இவரு மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு தலைவரே! நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. பத்திரிகைக்காரங்கள நம்ப முடியுமாலா?”

அவர் கேட்டது நியாயம்தான். நம்ப முடியாத காரியத்தைத்தான் செய்திருந்தேன். அப்போது பாயிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். அமிர்தத்தோடு வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். இடுப்பில் மரம் வெட்டப் போகும்போது கட்டுகிற துணி அப்படியே இருந்தது.

“அவரு எழுதுனாரோ இவ எழுதுனாளோ, அது கெடக்கட்டும்லா. கதையில ஒண்ணு கேட்டிருக்கே, அதுக்கு யாரும் பதில் சொல்லலியே. ஏம்ப்பா தம்பி, தூக்குச்சட்டிய யாரு கழுவுனது?”

கணவர் முதல் வரிசையில் இருந்தார்.  எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“நான்தான் கழுவுனேன்” என்றார்.

பாயின் மூலையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தார்.

“நீயா?” என்றார்.

அவ்வளவுதான். ஒரு சொல். மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்த அம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, விஷயத்தை அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். கூட்டக் குறிப்பில் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் எழுதி முடிப்பதற்குள் அந்த அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு, துணிப்பை ஒன்றோடு தூறலில் வந்து, தூணோரம் நின்ற மருமகளிடம் பிள்ளையை இறக்கிவிட்டார். “காது வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் அழுவுறா. டாக்டர்கிட்ட காட்டு” என்று மட்டும் சொன்னார்.

அமிர்தமும் மகளும் நானும் ஒரே பஸ்ஸில் ஈப்போ திரும்பினோம். நான் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து கடிதங்கள் வந்தன. மொத்தம் ஐம்பத்தெட்டு. நாற்பத்தொன்பது பேர் திட்டியிருந்தார்கள். அனைத்துக்கும் பதில் எழுதினேன். நான்கு மாதம் ஆயிற்று. தலைமை ஆசிரியர் சொன்னபடியே உதவவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பார்த்துத் தருகிற பிரதிகளில், முடிவு பிடிக்காத இடத்தில், சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் இருக்கும்: ‘கேட்கவும்’. நான் கடிதம் போட்டுக் கேட்பேன். சிலர் மாற்றினார்கள். பலர் மாட்டேன் என்றார்கள். மாட்டேன் என்றவர்களின் முடிவை அப்படியே போட்டோம். அடுத்த இரண்டு வருடத்தில் கதைகளில் கிளம்பிப் போன பெண்கள் இருபத்திரண்டு. திரும்பி வந்தவர்கள் ஏழு. தமிழ்ப் பெண்கள் எவ்வளவு மாறிவிட்டார்கள் என்று மேடையில் பேசினார்கள். பெண்கள் இரண்டு வருடத்தில் அப்படி ஒன்றும் மாறவில்லை. எங்கள் பேனா நின்றது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

கவிதா, நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறீர்கள். நானும் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். என் காலத்துக்கு எது நல்லதாகத் தெரிந்ததோ அதை அவர்கள் வாயில் வைத்தேன். உங்கள் காலத்துக்கு எது கெட்டதாகத் தெரிகிறதோ அதை நீங்கள் அவர்கள் வாயிலிருந்து எடுக்கிறீர்கள். அமிர்தத்தின் கதையில் மாமியார் ‘வாழாவெட்டி’ என்கிறாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அவள் எதைத் தாண்டி அந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று உங்கள் மகளுக்கு எப்படித் தெரியும்? வெறும் ஜன்னலோர இடம்தான் மிஞ்சும். அம்மா இதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டால், அது நீங்கள் பயப்பட வேண்டிய கேள்வி அல்ல. அடிக்குறிப்பு போடுங்கள். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் போடுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.

ஒன்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பட்டியலில் இருக்கும் நான்கு சொற்கள், கதை எழுதியவர்கள் எழுதியவை அல்ல. நாங்கள் கதைக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்ட அறிமுக வரிகளில் வருபவை. ‘ஒரு கூலிப் பெண்ணின் கண்ணீர்க் கதை’ என்பது போல. அவை எங்கள் அசிங்கம். தாராளமாக எடுங்கள். எழுதியவர்களில் உயிரோடு இருப்பவர்களை மற்றப் பத்துச் சொற்களுக்கும் கேளுங்கள். அறுபது பேரில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். முகவரிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அஞ்சு நிமிடத்தில் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீங்கள் கொடுத்த அச்சுப்படி முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அமிர்தத்தின் கதை முடிகிறது. அங்கே கோயில் மணி அடிக்கிறது. விளக்கு எரிகிறது. எழுபத்து நான்கு சொற்களும் அப்படியே இருக்கின்றன. உங்களில் யாரோ பழைய மலரிலிருந்து கதையைத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அடுத்த வார மலரின் ஆறாம் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. உங்கள் பட்டியலில் பதினான்கு சொற்கள் இருந்தன. என்னுடைய எழுபத்து நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. அவை யாரையும் புண்படுத்தவில்லை. அதனால், ஐந்து பெண்கள் இருந்தும், ஏழு பேர் கண்ணிலும் படவில்லை. இந்தப் புத்தகத்தில் இருப்பதிலேயே பெரிய பொய் அதுதான்.

அமிர்தத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் மகள் எடுத்தாள். நாலு வயதில் காது வலியோடு பஸ்ஸில் வந்தவள், இப்போது நாற்பத்திரண்டு. என் பெயரைச் சொன்னதும், “அம்மா, எழுபத்தி நாலு பேசுறாரு, வாங்க” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அமிர்தம் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். 

“முப்பத்தெட்டு வருசம் ஆச்சு அண்ணே” என்றார். “இன்னும் என்னை அந்த பஸ்ஸுல ஏற விடமாட்டேங்குறீங்களே.”

அச்சுப்படியில் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஓரத்தில் ஒன்பது சொற்களை என் கையால் எழுதியிருக்கிறேன். இந்த முறை நீல மையில். புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவதாகச் சொன்னீர்கள். அந்த முப்பத்தொரு பேரையும் கேட்பதற்காக அது தள்ளிப்போனாலும் போகட்டும். எப்படியும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நான் அலுவலகத்துக்கு வருவேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை ஒரு மேசையில் எடுத்து வையுங்கள். அமிர்தமும் கூட வருகிறார். இரண்டு பேரும் எண்ணிப் பார்ப்போம்.